வக்கீல் அலுவலக இணையதளமும் உங்கள் தகவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவாகரத்து, சொத்துத் தகராறு, வேலை நீக்கம், போலீஸ் புகார் என்று ஏதோ ஒன்று கழுத்தைப் பிடித்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் ஒரு வக்கீல் அலுவலகத்தின் தளத்தைத் திறக்கிறார்கள். அந்த அவசரத்தில் தனியுரிமைக் கொள்கையை யார் படிக்கப் போகிறார்கள்? அதனால் மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லா அலுவலகத் தளமும் ஒரே மாதிரி இருக்காது. ஆனால் உள்ளே ஓடும் மென்பொருள் பெரும்பாலும் ஒன்றுதான், ஓட்டைகளும் அப்படியே.

நான் பெயர்கூடக் கொடுக்கவில்லை, சும்மா படித்துவிட்டு வந்துவிட்டேன். என்னைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

பெயர் தெரியாது. ஆனால் உங்கள் ஐபி முகவரி (உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), வந்த நேரம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போனீர்கள், என்ன உலாவி, என்ன கருவி என்பதெல்லாம் தளத்தை ஓட்டும் கணினியான சர்வரின் பதிவேட்டில் தானாக விழுந்துவிடும். இதை வக்கீல் கேட்டு வாங்குவதில்லை, எந்தத் தளமானாலும் சர்வர் இப்படித்தான் வேலை செய்யும். கூடவே வருபவர்களைக் கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸ் மென்பொருள் வைத்திருந்தால் எவ்வளவு நேரம் படித்தீர்கள், எதை அழுத்தினீர்கள் என்பதும் சேரும்.

செருப்புக் கடைத் தளத்தில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. வக்கீல் தளத்தில் நீங்கள் திறந்த பக்கமே ஒரு தகவல். "ஜீவனாம்சம்", "முன்ஜாமீன்", "திவால் மனு", "குழந்தையைப் பார்க்கும் உரிமை" என்று நான்கு பக்கத்தை ஒருவர் இரவு ஒரு மணிக்கு அடுத்தடுத்துப் படித்திருந்தால் பெயர் இல்லாமலேயே அவர் நிலைமை பாதி புரிந்துவிடும். இந்தத் தளங்களைப் பொறுத்தவரை நான் முதலில் கவலைப்படுவது பெயரைப் பற்றி அல்ல, இந்தப் பக்கப் பட்டியலைப் பற்றித்தான்.

ஐபி முகவரியை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களா?

தள உரிமையாளரால் நேரடியாக முடியாது. உத்தேசமாக எந்த ஊர், எந்த இணைய நிறுவனம் என்பது மட்டும் தெரியும். இணைய நிறுவனத்திடம்தான் அந்த முகவரி அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளருக்குப் போனது என்ற கணக்கு இருக்கும், அதைப் பெறச் சட்ட வழி வேண்டும். இந்தச் சட்ட வழி ஒன்று இருப்பதாலேயே, மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரியும் தனிநபர் தகவலாக இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016இல் பிரையர் வழக்கில் சொல்லிவிட்டது. ஆக "நாங்கள் தனிப்பட்ட தகவல் எதையும் சேகரிப்பதில்லை, வெறும் ஐபி மட்டும்தான்" என்று ஒரு தளம் எழுதியிருந்தால், எழுதியவர் சட்டம் படித்தவர்தானா என்று சந்தேகப்படலாம்.

குக்கி என்றால் ஆபத்தா?

குக்கி என்பது ஒரு தளம் உங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு. எல்லாக் குக்கியும் ஆபத்து இல்லை. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இது உருவானதே, ஒருவர் அடுத்த பக்கத்துக்குப் போகும்போது தளம் அவரை மறந்துவிடாமல் இருக்கத்தான். கட்சிக்காரர்களுக்கான உள்நுழைவுப் பகுதி இருந்தால் குக்கி இல்லாமல் அது ஓடாது. மொழித் தேர்வை நினைவில் வைக்கும் குக்கியால் யாருக்கும் கேடில்லை.

கவனிக்க வேண்டியது, மறுபடி மறுபடி வருபவரை அடையாளம் காணும் குக்கிகள். கூகுள் அனலிட்டிக்ஸ் வைப்பதன் இயல்பான ஆயுள் 2 ஆண்டு (சஃபாரி போன்ற சில உலாவிகள் இதைச் சீக்கிரமே அழித்துவிடுகின்றன). ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு 2 ஆண்டுக்கு உங்களை நினைவு வைத்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. தளம் செய்து கொடுத்தவர் வைத்துவிட்டுப் போயிருப்பார், அலுவலகத்தில் அதைத் திறந்து பார்ப்பவர்கூட இருக்க மாட்டார்.

அந்த அலுவலகத்தைத் தவிர வேறு யாருக்குத் தகவல் போகிறது?

முக்கியமான கேள்வி, அதிகம் பேர் கேட்காத கேள்வி. தளத்தில் கூகுள் வரைபடம் பதித்திருந்தால் உங்கள் உலாவி கூகுளோடு பேசுகிறது. யூடியூப் காணொளி இருந்தாலும் அப்படியே. "நான் ரோபோ இல்லை" பெட்டியும் பெரும்பாலும் கூகுளுடையதுதான். எழுத்துருவைக்கூட வெளியிலிருந்து இறக்குகிறார்கள். 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, பார்வையாளரின் சம்மதம் இல்லாமல் கூகுள் எழுத்துருவை இறக்கி அவருடைய ஐபி முகவரியைக் கூகுளுக்குப் போகவிட்ட தளத்தை 100 யூரோ நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. தொகை சின்னதுதான். ஆனால் அதே எழுத்துருவை இறக்கித் தன் சர்வரிலேயே வைத்துக்கொள்வது தளம் அமைப்பவருக்குச் சில நிமிட வேலை என்பதை நினைத்தால் கோபம் நியாயமாகப் படுகிறது.

இன்னும் மோசம் சமூக வலைத்தள நிறுவனங்களின் பிக்சல். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் இந்தத் துண்டு நிரல், நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள் என்பதை விளம்பர நிறுவனத்துக்கே சொல்கிறது. அதே உலாவியில் நீங்கள் ஃபேஸ்புக்கில் உள்நுழைந்திருந்தால் அங்கே உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ள வழி இருக்கிறது. குடும்ப வழக்கு, குற்ற வழக்கு பார்க்கும் அலுவலகம் தன் தளத்தில் இதை வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. விளம்பரம் வேண்டுமென்றால் வேறு வழியில் செய்துகொள்ளட்டும்.

ஒரு தளத்தைப் பார்த்த பிறகு எங்கு போனாலும் வக்கீல் விளம்பரமே வருகிறதே?

மேலே சொன்ன பிக்சலும் விளம்பரக் குக்கியும் செய்கிற வேலை. உலாவியின் குக்கிகளை அழியுங்கள், கூகுள், ஃபேஸ்புக் கணக்குகளின் விளம்பர அமைப்பில் போய் இந்த வகை விளம்பரத்தை நிறுத்துங்கள். மூன்றாம் தரப்புக் குக்கியை, அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் வைக்கும் குக்கியைத் தடுக்கும் உலாவி இருந்தால் இன்னும் நல்லது. "குளோபல் பிரைவசி கண்ட்ரோல்" என்று ஓர் அமைப்பு சில உலாவிகளில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் "என் தகவலை விற்காதே" என்ற செய்தி எல்லாத் தளத்துக்கும் தானாகப் போகும், கலிஃபோர்னியா சட்டத்தின் கீழ் வரும் தளங்கள் அதை மதித்தே ஆக வேண்டும்.

தளத்தைத் திறந்ததும் "ஒப்புக்கொள்கிறேன்" அழுத்தச் சொல்கிறது. எதற்கு ஒப்புக்கொள்கிறேன்?

இரண்டு வகைப் பெட்டி இருக்கிறது, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்திய அலுவலகங்களின் தளத்தில் முதலில் வருவது பெரும்பாலும் வேறு சமாச்சாரம். அங்கே வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, 2008இல்தான் பார் கவுன்சில் குறிப்பிட்ட சில விவரங்களோடு தளம் வைத்துக்கொள்ள அனுமதித்தது. அதனால் "நானாகவே விரும்பித்தான் இங்கே வந்தேன், யாரும் என்னை அழைக்கவில்லை" என்று உங்களைச் சொல்ல வைக்கிறார்கள். அது அவர்களுடைய பாதுகாப்புக்கு. உங்கள் தகவலை எடுத்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்ததாக அதற்கு அர்த்தமில்லை.

இன்னொன்று குக்கிப் பெட்டி. ஐரோப்பாவில் இதற்கு விதி கடுமை. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று 2019 அக்டோபரில் பிளானெட்49 வழக்கில் தீர்ப்பு வந்தது. "ஏற்கிறேன்" பெரிதாகவும் "மறுக்கிறேன்" மூன்று திரைக்கு அப்பாலும் இருந்தால் அந்த அலுவலகம் உங்கள் தனியுரிமையை எவ்வளவு மதிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். மறுத்துவிட்டே உள்ளே போங்கள், தளம் நன்றாகவே ஓடும்.

தொடர்புப் படிவத்தில் என் பிரச்சினையை முழுதாக எழுதலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நீங்கள் எழுதும் அலுவலகம் ஏற்கெனவே உங்கள் எதிர்த்தரப்புக்காக வேலை செய்துகொண்டிருக்கலாம். உங்கள் கணவரோ, பங்குதாரரோ, முதலாளியோ போன வாரமே அங்கே போயிருக்கலாம், அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. புது ஆள் ஒருவர் வந்தால் அலுவலகம் முதலில் செய்ய வேண்டியது நலன் முரண் சோதனை, அதாவது இவரை எடுத்துக்கொண்டால் இருக்கிற கட்சிக்காரர் யாருக்காவது எதிராகப் போகுமா என்று பார்ப்பது. அதற்குத் தேவை உங்கள் பெயர், எதிர்த்தரப்பின் பெயர், எந்த வகை வழக்கு என்ற ஒரு வரி, திரும்ப அழைக்க ஓர் எண். அவ்வளவுதான். நீதிமன்ற நோட்டீஸில் தேதி ஏதாவது குறித்திருந்தால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் கெடு தவறிப் போனால் எந்த ரகசியத்தாலும் பயனில்லை.

எழுதக் கூடாதது என்ன? நடந்தது முழுக்கதை, நீங்கள் செய்த தவறு, கையில் இருக்கும் சாட்சி, எவ்வளவுக்கு சமாதானமாகப் போகத் தயார் என்ற தொகை, ஆதார் மாதிரி அடையாள எண்கள், வங்கி விவரம், மருத்துவ அறிக்கை. "உங்கள் பிரச்சினையை விரிவாக எழுதுங்கள்" என்று படிவம் பெரிய பெட்டியைக் காட்டினாலும் சரி. பெட்டி பெரிதாக இருக்கிறது என்பதற்காக நிரப்பியே ஆக வேண்டும் என்றில்லை. மனசு முழுக்கக் கொட்டிவிடத்தான் தோன்றும், புரிகிறது. அதை வக்கீல் உங்கள் வழக்கை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகு, அவருடைய அறையில் கொட்டுங்கள்.

ஆனால் வக்கீலிடம் சொன்னால் ரகசியம்தானே?

வக்கீலிடம் ஆலோசனை கேட்டுச் சொன்னது ரகசியம். தளத்தின் படிவத்தில் எழுதியது அந்த எல்லைக்குள் வருமா என்பது ஊருக்கு ஊர், வழக்குக்கு வழக்கு மாறும். "இந்தப் படிவத்தை அனுப்புவதால் வக்கீல்–கட்சிக்காரர் உறவு உண்டாகாது" என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைச் சும்மா அலங்காரத்துக்குப் போடுவதில்லை.

அமெரிக்காவில் இதுபற்றி நல்ல வழக்கு ஒன்று உண்டு. பாக்ஸில் என்ற மருந்தால் பாதிக்கப்பட்டவர்களைத் தேடி ஒரு வக்கீல் நிறுவனம் இணையத்தில் கேள்விப் படிவம் வைத்தது. உறவு எதுவும் உண்டாகாது என்று டிக் போட்டுத்தான் அனுப்ப முடியும். பிறகு வழக்கு நடந்தபோது அந்தப் படிவங்களைக் கொடு என்று மருந்து நிறுவனம் கேட்டது, கீழ் நீதிமன்றமும் கொடுக்கச் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் பார்டன் வழக்கில் அதைத் தடுத்து, வக்கீல் கிடைப்பார் என்ற எண்ணத்தில் எழுதியவை பாதுகாக்கப்பட்டவையே என்றது. நிரப்பியவர்கள் ஜெயித்தார்கள், சரி. ஆனால் தாங்கள் எழுதியது எதிர்த்தரப்பு கைக்குப் போய்விடுமோ என்ற நிலை அதுவரை இருந்தது இல்லையா? உங்கள் ஊர் நீதிமன்றமும் அதே மாதிரி சொல்லும் என்று நம்பி எழுத வேண்டிய அவசியம் என்ன?

நான் அனுப்பிய படிவம் எங்கே போய்ச் சேர்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. பல படிவ மென்பொருள்கள் தளத்தின் தரவுத்தளத்திலேயே ஒரு நகல் வைத்துக்கொள்கின்றன. இன்னொன்று அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்குப் போகும், அந்தப் பெட்டியைக் குமாஸ்தா, ஜூனியர், வரவேற்பில் இருப்பவர் என்று மூன்று நான்கு பேர் அவரவர் போனில் திறந்து வைத்திருப்பார்கள். தளத்தைப் பராமரிப்பவருக்கும் உள்ளே போகும் சாவி இருக்கும். தானியங்கி நகல் சேமிப்பு வேறு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, ஆனால் வழக்கை எடுக்காமல் விட்டவர்களின் படிவங்கள் ஐந்தாறு வருடமாக அப்படியே கிடக்கும் தளங்கள் நிறைய. ஒழுங்கான அலுவலகம் தளத்தில் நகல் தங்காமல் பார்த்துக்கொள்ளும், எடுக்காத வழக்குகளின் விவரத்தை ஒரு கெடு வைத்து அழிக்கும் (நலன் முரண் பார்க்கப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது நியாயம்தான்).

டைப் செய்தேன், அனுப்பாமல் மூடிவிட்டேன். பிரச்சினை இல்லையே?

இருக்கலாம். பார்வையாளரின் அசைவை அப்படியே பதிவு செய்து காணொளி மாதிரி ஓட்டிக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவை தட்டச்சு செய்ததையும் எடுத்துப் போகின்றன என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். 2022இல் வந்த இன்னோர் ஆய்வு 1,00,000 பிரபல தளங்களைப் பார்த்தது. ஐரோப்பாவிலிருந்து திறந்தபோது 1,844 தளங்களிலும் அமெரிக்காவிலிருந்து திறந்தபோது 2,950 தளங்களிலும் "அனுப்பு" அழுத்தும் முன்பே மின்னஞ்சல் முகவரி வெளி நிறுவனங்களுக்குப் போனது. அதனால் நீளமாக எழுத வேண்டியதை உங்கள் கணினியில் தனியாக எழுதிப் பாருங்கள், படிவத்தின் பெட்டியில் வைத்து யோசிக்காதீர்கள்.

மூலையில் சாட் பெட்டி "எப்படி உதவலாம்?" என்கிறது. பேசலாமா?

அலுவலக நேரம், முகவரி கேட்கலாம். அந்தப் பக்கம் இருப்பது வக்கீல் என்று நினைத்துவிட வேண்டாம். வெளி நிறுவனத்தின் ஊழியராகவோ, வெறும் மென்பொருளாகவோ இருக்கலாம், பேசியது முழுவதும் அந்த வெளி நிறுவனத்தின் சர்வரில் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப் பொத்தானுக்கும் இது கொஞ்சம் பொருந்தும். செய்தி மறையாக்கப்பட்டுத்தான் போகிறது, ஆனால் யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். அப்புறம் அந்த எண் வக்கீலின் சொந்த எண்ணா, அலுவலகத்தில் கை மாறும் எண்ணா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் தெரியாமல் வக்கீலைத் தொடர்புகொள்ள வேண்டும். எப்படி?

குக்கி, பிக்சல் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் குடும்ப வழக்குகளில் உண்மையான ஆபத்து அதே வீட்டில் இருப்பவர்தான். உலாவியின் வரலாறு, தேடல் பெட்டியில் தானாக வந்து நிற்கும் பழைய சொற்கள், இரண்டு பேர் போனிலும் ஒரே கணக்கு, டிவியில் யூடியூப் திறந்ததும் வரும் பரிந்துரை, கணினியில் திறந்தே கிடக்கும் வாட்ஸ்அப் எல்லாம் காட்டிக்கொடுக்கும். உலாவியின் மறைமுகச் சாளரத்தை (இன்காக்னிட்டோ) பயன்படுத்துங்கள், அது இந்தக் கருவியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் போனில் யாரோ உளவுச் செயலி போட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அந்தப் போனையே தொடாதீர்கள், நம்பிக்கையான ஒருவரின் போனிலிருந்து கூப்பிடுங்கள்.

கணவருக்கோ மனைவிக்கோ கடவுச்சொல் தெரிந்த மின்னஞ்சலைப் படிவத்தில் கொடுக்க வேண்டாம். புதிதாக ஒன்று தொடங்குங்கள், அதன் மீட்பு எண்ணாகக் குடும்ப எண்ணைக் கொடுக்காதீர்கள். பல தளங்கள் நீங்கள் எழுதியதை அப்படியே திருப்பிப் போட்டு "உங்கள் செய்தி கிடைத்தது" என்று பதில் அனுப்பும், இதில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. செய்தியின் முதல் வரியிலேயே "இந்த நேரத்துக்குள் மட்டும் அழைக்கவும், வேறு யாராவது எடுத்தால் எங்கிருந்து என்று சொல்ல வேண்டாம், குறுஞ்செய்தி வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். இதைக் கேட்டு எந்த வக்கீலும் ஆச்சரியப்பட மாட்டார்.

முதலாளியோடு தகராறு என்றால் அலுவலக மடிக்கணினி, அலுவலக வைஃபை, அலுவலக மின்னஞ்சல் மூன்றையும் விட்டு விலகுங்கள். மறைமுகச் சாளரம் அங்கே காப்பாற்றாது.

முகவரிப் பட்டையில் எச்டிடிபிஎஸ் இருந்தால் போதாதா?

வழியில் யாரும் படிக்க முடியாது, அது பெரிய விஷயம். இல்லாத தளத்தில் ஒரு எழுத்துகூடத் தட்டச்ச வேண்டாம். ஆனால் நீங்கள் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது மறைந்தாலும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்கும் வைஃபை வைத்திருப்பவருக்கும் பெரும்பாலும் தெரியும். தளத்தின் பெயரிலேயே "விவாகரத்து" என்று இருந்தால் பக்கம் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

தனியுரிமைக் கொள்கையில் எதைப் பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே.

ஒரே மாதிரி இருக்கக் காரணம், பல அலுவலகங்கள் ஒரே வார்ப்பிலிருந்து எடுத்து ஒட்டுவதுதான். வேறு நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்பதையும், இல்லாத "ஷாப்பிங் கார்ட்" பற்றிய பத்தியையும் வக்கீல் தளங்களில் பார்க்கலாம். மூன்று இடத்தைத் தேடுங்கள்: தகவல் எந்தெந்த வெளி நிறுவனத்துக்குப் போகிறது என்று பெயர் சொல்லியிருக்கிறதா, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று இருக்கிறதா, கேள்வி இருந்தால் யாரிடம் கேட்பது என்று ஓர் ஆளோ முகவரியோ இருக்கிறதா. "தேவைப்படும் காலம் வரை" என்பதெல்லாம் பதில் இல்லை.

என் தகவலை அழிக்கச் சொல்லலாமா?

கேட்கலாம், எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் படி ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். கலிஃபோர்னியாவில் 45 நாள், ஆனால் அந்தச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேலான வணிகங்களுக்குத்தான், சின்ன அலுவலகங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே. இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன.

வழக்கை ஒப்படைத்த பிறகு கதை வேறு. சட்டப்படியோ தொழில் விதிப்படியோ வழக்குக் கட்டுகளை வைத்திருக்கும் கடமை வக்கீலுக்கு உண்டு, வழக்குக்குத் தேவைப்படும் தகவலை அழிக்க மறுக்க ஜிடிபிஆரே இடம் கொடுக்கிறது. கேட்கும்போது "தளத்தின் தரவுத்தளம், மின்னஞ்சல், சாட் நிறுவனம் எல்லாவற்றிலிருந்தும்" என்று சொல்லியே கேளுங்கள், இல்லாவிட்டால் மின்னஞ்சலை மட்டும் அழித்துவிட்டு முடிந்தது என்பார்கள்.

வக்கீல் அலுவலகங்களிலிருந்தும் திருடுகிறார்களா?

நன்றாகவே. 2016இல் பனாமாவின் மொசாக் ஃபொன்செகா நிறுவனத்திலிருந்து 1.15 கோடி ஆவணங்கள், 2.6 டெராபைட், வெளியே வந்தன. அதன் தளமும் வாடிக்கையாளர் பகுதியும் புதுப்பிக்கப்படாத பழைய மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சுட்டிக் காட்டினார்கள். 2018இல் நிறுவனம் கடையை மூடியது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினித் தீநிரல் தாக்குதலில் டிஎல்ஏ பைப்பர் என்ற உலகப் பெரிய நிறுவனமே மின்னஞ்சலும் தொலைபேசியும் இல்லாமல் தவித்தது. ஜிடிபிஆர் படி கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பெரிய ஆபத்து என்றால் உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

வக்கீல் தளம் மாதிரி இருக்கிறது, ஆனால் வக்கீல் பெயரே இல்லை. என்ன அது?

பெரும்பாலும் படிவம் சேகரித்து விற்கும் தளம். "இலவச ஆலோசனை, இரண்டே நிமிடத்தில்" என்று பெரிய பொத்தான் இருக்கும், நிரப்பியதும் முன்பின் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பிக்கும். வக்கீலின் பெயர், பதிவு எண், உண்மையான முகவரி இல்லாத இடத்தில் போன் எண்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் யார் யாருக்கு விற்றீர்கள் என்று எழுதிக் கேளுங்கள், பதில் வருகிறதோ இல்லையோ.

முதல் தடவையே ஆவணங்களைப் பதிவேற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வழக்கை எடுத்துக்கொண்டோம் என்று எழுத்தில் வரும்வரை பொறுங்கள். அப்புறமும் தொடர்புப் படிவத்தின் இணைப்பு வழியாக வேண்டாம், உள்நுழைந்து பதிவேற்றும் தனிப் பகுதி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நேரில் கொண்டு போங்கள். போனில் எடுத்த படத்தில் எடுத்த இடமும் நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வேர்டு கோப்பில் முன்பு திருத்தியதும் குறிப்பும் மறைந்திருக்கலாம். இதையெல்லாம் அனுப்பும் முன் நீங்களே அழித்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த நேரமும் இடமுமே நாளைக்குச் சாட்சியாக வேண்டியிருக்கும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, எதை எப்படி அனுப்புவது என்று வக்கீலிடமே கேளுங்கள்.